மருந்தாய்விற் சேரத் தக்கார் யாவர்?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

நூல்களைப் பற்றியே பேசிப் பழகிய எம்மை இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியார் பணித்தனர். யாம் வைத்தியர் அல்லேம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். எனினும், வைத்திய வல்லுநர் எழுதி வெளியிட்டவற்றை ஊன்றி வாசித்து, அவற்றை நம் வீட்டுப் பெண்டிர்க்கும் விளங்கும் தமிழில் எடுத்துரைத்தல் ஆசிரியத் தொழிலுக்குப் புறம்பன்று என்று துணிந்து இசைந்தோம். குற்றங் காணின் பொறுத்தருளுமாறு இவ்வவையை வேண்டுகின்றோம்.

யாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவாகும்: முற்றிய சினைப்பைப் புற்றுநோய் உடைய ஒரு பெண், புது மருந்தை ஆராயும் மருந்தாய்வில் சேரலாமா? சேரலாமெனின், எத்தகையார் சேரலாம்? அதனை முடிவு செய்வார் யார்? ‘கிளினிக்கல் டிரையல்’ என்று ஆஸ்பத்திரிகளில் வழங்குவதனையே யாம் மருந்தாய்வு என்கின்றோம். இச்சொல் காதில் விழுந்தவுடனே நம்மவரிற் சிலர், “எங்கள் அம்மாளைப் பரிசோதனைக்குக் கொடுப்பதா?” என்று சினந்து எழுவர், வேறு சிலர், “எப்படியாயினும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று வைத்தியர் காலில் விழுவர். இருதிறத்தாரும் அதன் விதியை அறியாதவரே. விதியை அறிந்துகொண்டால் சினமும் வேண்டாம், இரப்பும் வேண்டாம்.

சினைப்பை என்பது அடிவயிற்றிற் கருப்பையின் இருமருங்கும் உள்ள உறுப்பு. சூலகம் என்பதும் அதுவே. அதில் தோன்றும் புற்று தொடக்கத்திற் பெரும்பாலும் தன்னைத் தெளிவாக வெளிக்காட்டாது. வயிறு உப்புதல், சிறிது உண்டவுடனே நிறைந்தாற்போலிருத்தல், அடிவயிற்று நோவு, அடிக்கடி நீர் பிரிதல் ஆகியவை தோன்றினும், ‘வாயுக் கோளாறு’ என்று ஓமத் தண்ணீர் குடித்து ஒதுக்கிவிடுகின்றோம். ஆதலின் பெரும்பாலார்க்கு நோய் பரவிய பின்னரே தெரியவருகின்றது. வைத்தியர் இந்நோயை நான்கு படியாக வகுப்பர். சினைப்பையளவில் நிற்பது முதற்படி. இடுப்புக்குழியில் உள்ள பிற உறுப்புகளுக்குப் பரவியது இரண்டாம் படி. அதனைக் கடந்து வயிற்றறையின் உட்சவ்விலோ நிணநீர்க் கணுக்களிலோ பரவியது மூன்றாம் படி. நுரையீரலைச் சூழ்ந்த நீரிலோ, கல்லீரலின் உட்பகுதியிலோ, இன்னும் தொலைவான உறுப்புகளிலோ சென்றது நான்காம் படி. பின்னிரண்டு படிகளையே முற்றிய நிலை என்பர். கருக்குழாயிலும் வயிற்றறைச் சவ்விலும் தோன்றும் புற்றுகள் இதனையே ஒத்தன ஆதலின், ஆய்வுகள் பெரும்பாலும் இம்மூன்றையும் ஒருங்கே கொள்ளும்.

இனி மருந்தாய்வு என்பது யாது? அது மூன்று கட்டமாக நடைபெறுவது. எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று பார்ப்பது முதற்கட்டம். அம்மருந்து நோயைச் சுருக்குகின்றதா என்று பார்ப்பது இரண்டாவது. வழக்கில் உள்ள வைத்தியத்தினும் அது மேம்பட்டதா என்று பலரிடத்தில் ஒப்பிட்டு நோக்குவது மூன்றாவது. இன்று இந்நோய்க்கு உலகெங்கும் ஏற்றப்படும் மருந்துகள் இவ்வழியே வந்தன. பிளாட்டினம் என்னும் உலோகத்தைக் கொண்டு ஆக்கப்பட்ட ‘சிஸ்பிளாட்டின்’ என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு 1978-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. ‘பாக்ளிடாக்சல்’ என்னும் மருந்து பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையிற் காணப்பட்டது. சிஸ்பிளாட்டினோடு பழைய மருந்தைச் சேர்ப்பது நலமா, பாக்ளிடாக்சலைச் சேர்ப்பது நலமா என்று அமெரிக்காவில் ஆராய்ந்த ஆய்வின் முடிவு 1996-இல் வெளிவந்தது. பழைய கூட்டைப் பெற்றோரிற் பாதிப்பேர் 24 மாத அளவு உயிர்வாழ்ந்தனர்; புதுக்கூட்டைப் பெற்றோரிற் பாதிப்பேர்க்கு அவ்வெல்லை 38 மாதமாயிற்று. அவ்வாய்விற் சேர்ந்த பெண்டிரின் பெயரை நாம் அறியோம். அவர் விட்டுச்சென்ற பயனை நம் வீட்டுப் பெண்டிர் நுகர்கின்றனர்.

அங்ஙனமாயின், நோயுற்றார் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாகாதா எனின், ஆகாது. காரணம் உழவர்க்குத் தெரியும். புது விதை நல்லதா, பழைய விதை நல்லதா என்று அறிய விரும்பும் உழவன், ஒன்றை ஆற்றுப் படுகையிலும் மற்றொன்றைக் களர் நிலத்திலும் விதைத்துவிட்டு விளைச்சலை அளந்தால், அவன் அறிவது மண்ணின் வேறுபாடேயன்றி விதையின் வேறுபாடன்று. ஒத்த நிலம், ஒத்த நீர், ஒத்த பருவம் வேண்டும். அதுபோல, ஒத்த நோயும் ஒத்த உடல்நிலையும் உடையாரைத் தெரிந்தெடுத்த பின்னரே, அவருள் யார்க்கு எம்மருந்து என்று குலுக்கி முடிவு செய்கின்றனர். உத்தரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலை முறையை நீங்கள் அறிவீர்கள். அங்கும் முதலில் நிலம், மனை, 35 முதல் 70 வரையுள்ள வயது முதலிய தகுதிகளைப் பார்த்தனர். தகுதியுடையார் பெயரையே ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். பின்னரே ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். முதலில் தகுதி, பின்னர்க் குலுக்கல். மருந்தாய்வின் ஒழுங்கும் இதுவே.

இனி, அத்தகுதிகளை ஓர் ஆய்வைக் கொண்டே விளக்குவோம். 2018-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்த ‘சோலோ 1’ என்பது முற்றிய சினைப்பைப் புற்றுக்கு ‘ஓலாபரிப்’ என்னும் மாத்திரையை ஆராய்ந்தது. அதிற் சேர்ந்தோர் 391 பெண்டிர்.

முதல் தகுதி நோயின் வகையும் படியும். புற்று, மூன்றாம் அல்லது நான்காம் படியில் உள்ளதாய், சதைத்துணுக்கைப் பூதக்கண்ணாடியில் நோக்கி இன்ன வகை என்று உறுதி செய்யப்பட்டதாய் இருத்தல் வேண்டும். ‘ஸ்கானில் கட்டி தெரிகின்றது’ என்பது மட்டும் போதாது.

இரண்டாவது, முன்பு செய்த வைத்தியத்தின் வரலாறு. அவ்வாய்வு, நோய் புதிதாகக் கண்டறியப்பட்டுப் பிளாட்டின மருந்தேற்றி முடித்து, அதனால் நோய் முற்றிலுமோ ஓரளவோ அடங்கினாரையே ஏற்றது. வேறு ஆய்வுகள், நோய் மீண்டு வந்தாரை ஏற்கும். அங்கும் கணக்கு உண்டு. கடைசிப் பிளாட்டின மருந்தேற்றி 6 மாதத்திற்குள் நோய் மீண்டதாயின் அம்மருந்துக்கு அடங்காதது என்றும், 6 மாதம் கடந்து மீண்டதாயின் இன்னும் அடங்கத்தக்கது என்றும் வைத்தியர் பெரும்பாலும் பகுப்பர். எனவே மருந்தேற்றிய தேதி ஒன்றே ஓர் ஆய்வின் வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது.

மூன்றாவது, நோயின் உள்ளடையாளம். ‘சோலோ 1’ ஆய்வில் பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணுக்களில் மாற்றம் உடையாரே சேர்க்கப்பட்டனர். ஓலாபரிப் அத்தகைய புற்றணுக்களின் குறைபாட்டைக் குறிவைத்துத் தாக்குவது ஆதலின், அம்மாற்றம் உடையார்க்கே பெரும்பயன் உண்டாம் என்று எதிர்பார்த்தனர்.

நான்காவது, உடலின் வலிமை. இதனை அளக்க, அமெரிக்கக் கூட்டாய்வுக் குழுவினர் 1982-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உலகெங்கும் வழங்குகின்றது. முன்போல் எல்லா வேலையும் செய்வார்க்கு 0; கடிய வேலை இயலாது, வீட்டு வேலை இயலும் என்பார்க்கு 1; வேலை இயலாவிடினும் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்டு, விழித்திருக்கும் பொழுதிற் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுவார்க்கு 2; பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிப்பார்க்கு 3; முற்றும் படுக்கையில் உள்ளார்க்கு 4. ‘சோலோ 1’ ஏற்றது 0, 1 என்னும் இரண்டையே. பிற ஆய்வுகள் பலவும் அவ்வாறே. சில 2 வரை ஏற்கும்.

ஐந்தாவது, உறுப்புகளின் நிலை. இரத்தத்தில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் போதிய அளவில் உள்ளனவா, சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தைத் தாங்குமா என்று சோதிப்பர். பல ஆய்வுகளில் தட்டணு ஒரு கனமில்லிமீட்டருக்கு 1,00,000-க்குக் குறையலாகாது. கருவுற்றிருத்தல், அடங்காத தொற்றுநோய், குடல் அடைபட்டு மாத்திரை விழுங்க இயலாமை, அண்மையில் வேறொரு புற்று இருந்தமை ஆகியவை பெரும்பாலும் தடைகளாம். உட்கொள்ளும் பிற மருந்துகளையும் கேட்பர். இங்கே நம் தாய்மார் கருத்தூன்றல் வேண்டும். சில மருந்துகள் கல்லீரலில் ஓலாபரிப் கழியும் வழியைத் தடுத்து, அதன் அளவை இரத்தத்தில் மிகுவிக்கும். யாம் நாட்டு மருந்தை இகழ்வார் அல்லேம். ஆனால் இரவில் மறைவாகக் கொடுக்கும் பொடியும் லேகியமும் நோயாளிக்கு ஊறு செய்யலாம் ஆதலின், அவற்றை வைத்தியருக்கு ஒளியாமற் சொல்லுதல் கடமை.

‘சோலோ 1’ ஆய்வின் பயன் யாது? குலுக்கல் வழியே 260 பேர் ஓலாபரிப் பெற்றனர். 131 பேர் மருந்தற்ற மாத்திரை பெற்றனர். ஏழாண்டு கழித்துக் கணக்கிட்டபோது, முன்னவரில் 67 விழுக்காட்டினரும் பின்னவரில் 46.5 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். “அந்த 131 பேரை ஏமாற்றினார்களே!” என்று நெஞ்சம் பதறும். ஏமாற்றவில்லை. குலுக்கல் உண்டு என்றும், மருந்தற்ற மாத்திரை வரக்கூடும் என்றும் முன்னரே உரைத்து இசைவு பெற்றனர். மருந்தேற்றி நோய் அடங்கியார்க்கு மேலும் மருந்து கொடாமல் கண்காணித்திருத்தலே அக்காலத்தில் ஏற்ற வழக்கமாக இருந்தது. செய்தற்குரிய வைத்தியத்தை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரையைக் கொடுத்தாரல்லர்.

ஓர் ஆய்வில் இடமில்லாதார்க்கு வேறோர் ஆய்வில் இடம் உண்டாகலாம். 2023-இல் முடிவு வெளிவந்த ‘மிராசோல்’ ஆய்வு, பிளாட்டின மருந்துக்கு நோய் அடங்காதாரையே வேண்டி அழைத்தது. முன்பு ஒன்று முதல் மூன்று வரை மருந்து முறைகள் பெற்று, ‘போலேட்’ என்னும் சத்தைப் பற்றும் புரதம் புற்றணுக்களின் மேல் மிகுந்திருந்த 453 பெண்டிர் அதிற் சேர்ந்தனர். ஒரு பாதியார் புது மருந்தும், மறுபாதியார் வழக்கமான புற்று மருந்தும் பெற்றனர். வெறும் மாத்திரை அங்கே யார்க்கும் இல்லை. பாதிப்பேர் வாழ்ந்த கால எல்லை, வழக்கமான மருந்தில் 12.75 மாதம், புது மருந்தில் 16.46 மாதம். இது சிறிய மிகுதியே. மருந்தாய்வு என்பது உயிர்ப்பிச்சை அன்று என்பதனையும் இக்கணக்கு நமக்கு உணர்த்தும்.

“வலியாரையே தெரிந்தெடுத்தால் மெலியார்க்கு யார் துணை?” என்று வினவலாம். நல்ல வினா. பிரெஞ்சு வைத்தியர் தலைமையில் நடந்து 2021-இல் வெளிவந்த ‘ஈவாக் 1’ ஆய்வு இதற்கு விடை தேடியது. அதன் வாயில், 70 வயதும் அதற்கு மேலும் ஆகி, உடல் தளர்ந்திருந்த பெண்டிர்க்கே திறந்தது. வலியார்க்கு அங்கே இடமில்லை. சேர்ந்தோர் 120 பேர். தளர்ந்த மூதாட்டிக்கு இரண்டு மருந்து கொடுப்பது கொடுமை, ஒன்றே போதும் என்று இரங்கி ஒரு மருந்தோடு நிறுத்துதல் வைத்தியரிடத்தில் வழக்கமாயிருந்தது. அவ்விரக்கம் தக்கதா என்று ஆராய்ந்தபோது, ஒரு மருந்து பெற்றாரே விரைந்து இறந்தனர். அவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்தமையால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினர். உண்மையை ஆராயாத இரக்கம் தீங்காய் முடிதல் இதனால் விளங்கும்.

இதனையே நம் இல்லங்களுக்கும் பொருத்திக் காண்போம். இதுவரை கூறிய தகுதிகள் ஐந்தும் நோயையும் உடலையும் பற்றியன. பெரும்பாலும் நம் கையில் இல்லாதன. ஆறாவது ஒன்று உண்டு. அது முழுவதும் வீட்டார் கையில் உள்ளது. நோயுற்ற பெண் தன் நோயைத் தான் அறிந்து, தானே இசைதல் வேண்டும் என்பதே அது.

இந்தியாவில் நடைமுறையிலுள்ள 2019-ஆம் ஆண்டு மருந்தாய்வு விதிகளின்படி, இசைவுப் பத்திரம் அவர்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதாராயின், சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்கப் படித்துக் காட்டுதல் வேண்டும். தாமே இசைவு தரும் நிலையில் உள்ளவர்க்காகக் கணவரோ மகனோ கையெழுத்திடல் செல்லாது. சேர்ந்த பின்னரும், காரணம் கூறாமலே எந்நாளும் விலகலாம். விலகியதனால் வழக்கமான வைத்தியம் மறுக்கப்படலாகாது. வைத்தியரோடு சட்டம் அறிந்தாரும் பொதுமக்களில் ஒருவரும் அமர்ந்த அறநெறிக் குழுவின் ஒப்புதலின்றி ஆய்வு தொடங்கலாகாது. ஆய்வினால் ஊறு நேரின், வைத்தியமும் நட்டஈடும் பெற வழி உண்டு. 2007-இல் தொடங்கிய இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டை எவரும் பார்க்கலாம். எந்த ஆய்வு எவ்வூரில் எத்தகையாரை ஏற்கின்றது என்பது அதிற் காணும்.

இத்தனை காவல் இருந்தும், நம் வீடுகளில் நிகழ்வது யாது? ‘அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்’ என்பதே முதற்பேச்சு. எமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் அறுபது கடந்த மூதாட்டி ஒருவர்க்கு இந்நோய் கண்டது. மக்கள் மூவரும் அன்பிற் குறைந்தவரல்லர். ‘வயிற்றில் நீர்க்கட்டி’ என்று சொல்லி வைத்தியம் செய்வித்தனர். நோய் மீண்டபோது, ஆய்வு ஒன்றுக்கு அவர் தகுதியுடையார் போலும் என்று வைத்தியர் கூறி, இசைவுப் பத்திரத்தை நீட்டினர். அதன் முதல் வரியிலேயே நோயின் பெயர் இருந்தது. மக்கள் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்னையை வீட்டுக்கு அழைத்து வந்தனர். சில திங்கள் கழித்து அவ்வம்மையார் தம் மூத்த மகளிடத்தில், “என் வயிற்றில் இருப்பது எனக்குத் தெரியாதா? நீங்கள் வருந்துவீர்கள் என்றுதான் நானும் கேட்கவில்லை” என்றாராம். அவ்வாய்விற் சேர்ந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாம் கூறவில்லை. சேர்வதோ மறுப்பதோ அவர்க்கு உரிய சொல்; அச்சொல்லைச் சொல்லும் வாய்ப்பை அன்பே அவரிடமிருந்து பறித்தது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்பு வகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். நோயுற்றவரை முதலிலும், உடனிருப்பவரை இறுதியிலும் நிறுத்தினார். நாமோ இறுதியில் நிற்க வேண்டியவர் முதலில் வந்து நின்று, முதலில் நிற்க வேண்டியவரைக் கணக்கிலேயே கொள்ளாதிருக்கின்றோம்.

மறைத்தற்கு மற்றொரு காரணமும் உண்டு. ‘பரம்பரை நோய் என்று தெரிந்தால் பெண்ணை யார் கொள்வார்?’ என்னும் அச்சம். பி.ஆர்.சி.ஏ. மாற்றம் தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சென்றடைதல் பாதிக்குப் பாதி. இது ஒரு குலத்தின் இழுக்கன்று. நெடுங்காலம் தமக்குள்ளேயே மணஞ்செய்துகொண்ட அஷ்கெனாசி யூதரில் 40 பேரில் ஒருவர்க்கு இம்மாற்றம் உண்டு என்று கணித்துள்ளனர். அவர்கள் அதனை மூடி வைக்கவில்லை. சோதித்து அறிந்து, உரிய வயதில் தம் பெண்மக்களைக் காத்துக்கொள்கின்றனர். தாயின் மரபணுச் சோதனை தாய்க்கு ஓர் ஆய்வின் வாயிலைத் திறக்கலாம். மகளுக்கோ, நோய் வருமுன்னரே விழித்துக்கொள்ளும் அறிவைத் தரும். மணப்பேச்சுக்கு அஞ்சி மறைத்தால், கேடுறுவார் அம்மகளே.

ஆகவே அன்பர்களே, செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிப்போம். சதைச் சோதனைச் சீட்டு, அறுவைக் குறிப்பு, ஏற்றிய மருந்துகளின் பெயரும் தேதியும், ஸ்கான் படம், மரபணுச் சோதனை முடிவு ஆகிய யாவற்றையும் ஒரே கட்டாகப் பேணிவையுங்கள். ஆய்வு என்னும் பேச்சு எழுந்தால், எக்கட்டம், எதனோடு எதனை ஒப்பிடுவது, எத்தனை முறை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், செலவு யாருடையது, தீங்கு நேரின் பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். இடமில்லை என்று வைத்தியர் கூறினால், அது கைவிட்டமைக்கு அடையாளமன்று. வேறோர் ஆய்வு உண்டா என்று வினவுங்கள். சேர விரும்பவில்லை என்று அவ்வம்மையார் கூறினால், அதனையும் நிறைந்த விடையாகக் கொள்ளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நோயுற்ற தாயின் அருகில் அமர்ந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டு, அவர் தாங்கும் அளவில், தாங்கும் வேளையில், மெய்யைச் சொல்லுங்கள். நம் குடும்பங்களைப் பெற்று வளர்த்துத் தாங்கியவர் தம் நோயின் பெயரையும் தாங்குவர்.